இரவல் கொண்டை

ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில் காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. இன்று என் பேத்திகள் விதவிதமாக முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்கும்போதெல்லாம் அந்த நாள் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துக்கொள்வேன். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

ஜப்பான் படை ஊருக்குள் நுழைந்த வாரத்திலேயே அம்மா என்னை உட்கார வைத்து, இடுப்பு வரை இருந்த என் முடியைக் கழுத்தோடு கத்தரித்துவிட்டார். சிப்பாய்களின் கண்ணில் பெண்பிள்ளை பட்டுவிடக் கூடாது என்ற பயம். அண்ணனின் கால்சட்டையையும் சட்டையையும் மாட்டிவிட்டு, முகத்தில் அடுப்புக்கரியைத் தடவினார். வயதுக்கு வந்த பெண் இருந்த வீடுகளில் எல்லாம் அப்போது இதே கதைதான். மாதங்கள் போயும் அம்மாவின் பயம் போகவில்லை. முடி கொஞ்சம் இறங்கினால் போதும், கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

அந்தப் பயத்துக்கு இன்னொரு வழியும் தேடினார்கள். கல்யாணம். செமாபோக்கில் ஒரு மளிகைக் கடைக்காரர், மனைவியை இழந்தவர், என் அப்பாவைவிட நாலைந்து வயதுதான் இளையவர். நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவரைக் கட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில்தான், மூடிக் கிடந்த தமிழ்ப் பள்ளியைத் திறக்கப் போகிறார்கள், ஆசிரியை வேண்டுமாம் என்று செய்தி வந்தது. அப்பாவிடம் கெஞ்சினேன். அரசாங்க வேலை என்றால் அரிசி கிடைக்கும், கையில் ஒரு சீட்டும் இருக்கும், யாரும் கிட்டே வரமாட்டார்கள் என்றேன். அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு முடிவாகச் சொன்னார். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை நிறுத்திவிடலாம். கிடைக்காவிட்டால் வருகிற தையில் தாலி.

நேர்முகத் தேர்வுக்கு இருபது நாள் இருந்தது. ஜப்பானிய மொழிப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, அதன் எழுத்துகளைக் கரித்துண்டால் சமையலறைச் சுவரெல்லாம் எழுதிப் பழகினேன். அதில் ஒரு பாடம் நோயைப் பற்றியது. ‘ப்யோக்கி’ என்றால் நோய். நோய் வந்ததால் பள்ளிக்கு வரவில்லை என்று ஒரு மாணவன் ஆசிரியரிடம் சொல்வான். இந்த எழவெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே மனப்பாடம் செய்தேன்.

படிப்பைவிட முக்கியம் வணக்கம். இடுப்பிலிருந்து வளைந்து, முதுகு மேசைப் பலகை மாதிரி நேராக நிற்க, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு நிமிர வேண்டும். சும்மா தலையை ஆட்டினால் கன்னத்தில் அறைதான் விழும். இதற்கு எனக்கு அதிகாரியாக இருந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். கம்போங் செட்டியில் தலைமுறைகளாக இருக்கும் செட்டிக் குடும்பத்து அம்மாள். அவர்களும் நம்மைப் போலவே திருநீறு பூசுவார்கள், கோயிலுக்குப் போவார்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். நாங்கள் அவரை மாச்சிக் என்று கூப்பிடுவோம், மலாயில் அத்தை மாதிரி. மாச்சிக் முக்காலியில் உட்கார்ந்து, அகப்பையை வாள் மாதிரி மடியில் வைத்துக்கொள்வார். நான் குனிவேன். சரியில்லை என்றால் அகப்பையால் முதுகில் ஒரு தட்டு.

தேர்வு நாள் காலையில் சேலை கட்டி நின்றபோதுதான் எல்லாருக்கும் உறைத்தது. சேலைக்கு மேலே பையன் தலை! ஏன் முடியை வெட்டினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லவா முடியும்? அம்மா கையைப் பிசைந்தார். மாச்சிக் ஓடிப்போய்த் தன் கல்யாணத்துக்கு வாங்கிய சவுரியைக் கொண்டுவந்தார். வெள்ளிக் கொண்டை ஊசிகளை எல்லாம் எப்போதோ அரிசிக்கு மாற்றிவிட்டார். பழைய சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்த இரண்டு ஊசிகள்தான் மிச்சம். அவற்றைக் குத்தி என் தலையில் ஒரு கொண்டையை நிறுத்தி, “ஜாங்கான் தாக்குட்” என்றார். பயப்படாதே என்று அர்த்தம். அம்மா தன் பங்குக்கு, “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் வாயை வீட்டுலயே வச்சிட்டுப் போ” என்றார். என் வாய்த் துடுக்கு அப்படி.

கல்வி அலுவலகத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரியும், மொழிபெயர்க்க ஒரு தமிழரும் உட்கார்ந்திருந்தார்கள். தமிழர் ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டு, சிரிப்பே இல்லாத முகத்தோடு இருந்தார். நான் உள்ளே போய்க் குனிந்தேன். அகப்பைக்கு வேலையே இல்லாத அளவுக்கு அழகாகக் குனிந்தேன். கொண்டை கழன்று, உருண்டுபோய் அதிகாரியின் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது.

என் புத்தியை என்னவென்று சொல்ல! இருபது நாளும் வெட்டின தலையோடு குனிந்து பழகியவள், கொண்டையோடு ஒரு தடவையாவது குனிந்து பார்க்க வேண்டாமா?

அதிகாரி கீழே பார்த்தார், என் தலையைப் பார்த்தார், ஏதோ கேட்டார். தமிழர் என்னிடம், “முடிக்கு என்னம்மா ஆச்சு? ஐயா கேக்குறாரு” என்றார். அவமானத்தில் காது சுட்டது. வேலையும் போச்சு, செமாபோக்தான் என்று மனதுக்குள் ஓடியது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வர, வாய் தானாகத் திறந்துகொண்டது.

“இவங்க ஆளுங்க வந்த வாரத்துல பயந்துபோய் எங்கம்மா வெட்டிட்டாங்க. இன்னும் பயம் போகல, அதான் வளர விடல.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. அவர்கள் படையைப் பழித்தவர்களுக்கு என்ன கதி என்பது ஊருக்கே தெரியும். மொழிபெயர்ப்பாளரின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, நிதானமாக ஜப்பானிய மொழியில் சொன்னார். எனக்குப் பிடிபட்டது ஒரே வார்த்தை. ப்யோக்கி.

அதிகாரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுபடி ஏதோ கேட்டார். “இப்ப குணமாயிட்டியான்னு கேக்குறாரு. ஒரே வார்த்தையில சொல்லு” என்றார் தமிழர். நான் “ஹை” என்றேன், ஆமாம் என்று. தமிழரே எழுந்து சவுரியை எடுத்து என் முன்னால் வைத்தார். அதை முந்தானையில் சுருட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதினேன், ஒரு பாடம் நடத்திக் காட்டினேன். ஒரு தப்பும் வரவில்லை.

வெளியே வாசலில் காத்திருந்தேன். மதியம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அங்கே எனக்கு மாத்திரமா, அவருக்கும்தானே ஆபத்து? அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தால் அவர் கதி என்ன? நன்றி சொல்ல, பழகிவைத்த அந்த வணக்கத்தையே வைக்கப் போனேன். அவர் நிற்கவில்லை.

“வேணாம்மா. நான் ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லல. நிமிந்து வீட்டுக்குப் போ.”

பத்து நாளில் வேலை உத்தரவு வந்தது. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாச்சிக் கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து முக்காலியிலிருந்து விழாத குறை. சில மாதங்கள் கழித்து, தெங்கேராவில் அந்த மொழிபெயர்ப்பாளரை ஒரு தடவை பார்த்தேன். சைக்கிளின் பின்னால் கால்சட்டை போட்ட ஒரு பிள்ளை, ஒட்ட வெட்டிய தலை. சைக்கிள் என்னைக் கடக்கும்போதுதான் கவனித்தேன், அந்தப் பிள்ளையின் இரண்டு காதுகளிலும் ஓட்டை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தது. அவர் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றேன். பிள்ளைகள் சில நேரம் வீட்டில் நடந்ததைப் படபடவென்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார்கள். “ஓ, காய்ச்சலா?” என்று சத்தமாகக் கேட்டு உட்காரச் சொல்லிவிட்டு, மற்றதை மணி அடித்த பிறகு தனியாகக் கேட்டுக்கொள்வேன். அந்தக் காலத்தில் பயந்து பயந்து யார் யாருக்கோ குனிந்ததெல்லாம் மறந்துபோனது. அவர் வாங்கிக்கொள்ளாமல் போன அந்த ஒரு வணக்கம் மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது.