சிரித்தால் விழுகிறவள்

என் மகள் சிரித்தால் விழுவாள். முதலில் அதைச் சேட்டை என்றுதான் நினைத்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் தம்பிக்காரன் ஏதாவது கோமாளித்தனம் பண்ணுவான். அவள் சிரிப்பாள். மறுநொடி கால் மடிந்து, தலை தொங்கித் தரையில் கிடப்பாள். உடனே எழுந்தும் விடுவாள். ஒன்பது வயதில் இது என்னடி விளையாட்டு என்று ஒருநாள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். எனக்கு முன்கோபம்.

பிறகு படி இறங்கத் தடுமாறினாள். கண்ணைத் தாழ்த்திக் கீழே பார்க்க அவளுக்கு வரவில்லை. பயந்துபோய்க் கொழும்புக்குக் கொண்டுபோனோம். சோதனைகள் முடிந்ததும் அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மா எங்களை இருத்தி வைத்துச் சொன்னார்.

"உடம்பில ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் சின்னப் பைகள் இருக்கு. கொழுப்பு அதுக்குள்ள வரும். ஒரு புரதம் அதைத் தூக்கி, பையின்ர சவ்வில இருக்கிற இன்னொரு புரதத்திட்டக் குடுக்கும். அதுதான் வெளியில மற்றச் சவ்வுகளுக்குப் போக விடும். மகளுக்கு அந்த ரெண்டாவது புரதம் வேலை செய்யேல்ல. கொழுப்பு பைக்குள்ளயே தேங்குது. மூளையிலயும்தான். சிரிச்சா விழுறதும் அதாலதான்."

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறவர். "லொறி வராட்டி கொழுந்து மூட்டையிலேயே சூடேறி அவிஞ்சு போகுமே, அப்படிங்களா?" என்றார்.

"ஓம், அப்படித்தான். மருந்தால வேகத்தைக் குறைக்கலாம். முழுசா நிப்பாட்ட ஏலாது. இது தாய் தகப்பன் ரெண்டு பேரிட்டயிருந்தும் வாறது. தம்பியையும் சோதிக்க வேணும்."

அவனுடைய இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அவனும் சிரித்து விழுந்துவிடுவானோ என்று, முடிவு வரும்வரை எங்கள் ஓரறைக் காம்பராவில் சிரிப்பே கூடாது என்றாகிவிட்டது. டீவியை மூடி வைத்தேன். பக்கத்துக் காம்பரா அக்கா பகிடி பேசிச் சிரிக்க வந்தால், "சும்மா போங்கக்கா!" என்று சீறினேன். அவன் கல் தடுக்கிச் சறுக்கினாலும் என் உயிர் போய் வந்தது.

ஒரு மத்தியானம் முடிவுக்குக் காத்திருக்க முடியவில்லை. அவனைப் பாயில் நிறுத்தி, இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு கிச்சுக்கிச்சு மூட்டினேன். சிரித்தான். நெளிந்து நெளிந்து, கண்ணில் தண்ணீர் வர, விழுந்துவிடாமல் சிரித்தான். அப்போதும் என் பயம் போகவில்லை. இன்றைக்கு விழவில்லை, நாளைக்கு?

சுவரோரம் உட்கார்ந்திருந்த மகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல நகர்ந்து வந்து பாயில் மல்லாந்து படுத்தாள்.

"அம்மா, நான் படுத்துக்கிட்டேன். இனி விழ மாட்டேன். என்னையும் சிரிக்க வைங்கம்மா."