பரமேஸ்வரியும் நான் எழுதிய மின்னல் அறிக்கையும்

திருமதி பரமேஸ்வரி மறைந்த செய்தி எனக்கு ஒரு டிக்கெட்டாக வந்தது. எங்கள் அலுவலகத்தில் எந்த வேலையும் எண் போட்ட ஒரு கோரிக்கையாகத்தான் வரும். அதைத்தான் டிக்கெட் என்போம். திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு, ஜேபி என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ஜொகூர் பாருவில் என் மேசைத் திரையில், ஓடாத பிரிண்டர் ஒன்றுக்கும் மறந்துபோன கடவுச்சொல் ஒன்றுக்கும் நடுவில் அது கிடந்தது. ‘பயனர் கணக்கை மூடவும். காரணம்: மரணம். அவசரம்: குறைவு.’ பெயரை மூன்று முறை படித்தேன். ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் என் கை தானாகக் கணக்கை மூடியது. நான்கு நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் தொலைபேசியை எடுத்து விசாரித்தேன். ஞாயிறு காலை சந்தைக்குப் போய் வந்தவர், காய்கறிப் பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாராம். எழவில்லை. அடக்கம் இன்று இரண்டு மணிக்கு என்றார்கள்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பரமேஸ்வரி யோங் பெங் அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பத்து பாகாட்டில் பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மாலை வகுப்பில் சான்றிதழ் படித்து, அங்கிருந்த கணினிகள் அனைத்துக்கும் பொறுப்பாளர் ஆனவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். நாற்பத்தாறு முடியவில்லை.

நான் வேலை செய்யும் நிறுவனம், மற்ற நிறுவனங்களின் சர்வர்களையும் நெட்வொர்க்கையும் தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தொழிற்சாலை தன் கணினி நிர்வாகத்தை எங்களிடம் ஒப்படைத்தது. அதிகாரம் எல்லாம் என் கைக்கு வந்தது. சொன்னதைச் செய்ய அங்கே ஓர் ஆள் இருந்தால் போதும் என்றது ஒப்பந்தம். அந்த ஆள்தான் பரமேஸ்வரி.

தோழி என்று சொல்லிக்கொண்டு இந்த அஞ்சலியை எழுத எனக்கு உரிமை இல்லை. இந்த ஆறு ஆண்டுகளும் அவர்மேல் நான் பொறாமையோடுதான் இருந்தேன்.

முதல் வாரத்திலேயே அது தொடங்கிவிட்டது. பொறுப்பை ஒப்படைக்கும்போது அவர் ஒரு பட்டியல் அனுப்பினார். சாதனங்களின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள். ‘மூன்றாம் பிரிண்டர்: ஃபௌசியா கை பட்டால்தான் ஓடும். வேறு ஆளை அனுப்ப வேண்டாம்.’ ‘கணக்குப் பிரிவு: வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட வேண்டாம், எல்லாரும் கோபத்தில் இருப்பார்கள்.’ சிரித்தேன். பிறகு, பெயர்கள் தேவையில்லை, சாதனங்களின் விவரம் மட்டும் போதும் என்று திருப்பி அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“மேடம், பேரெல்லாம் எடுத்துட்டா அதுல மிச்சம் ஒண்ணும் இல்லலா. எல்லாம் பழைய பெட்டிங்க.”

அவர் சொன்னது உண்மை என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்து, பதினைந்து ஆண்டுகள் பதினொரு நிறுவனங்களின் கணினிகளைக் கவனித்திருக்கிறேன். அந்த நிறுவனங்களில் ஒருவருடைய கோபம் எந்தக் கிழமையில் வரும் என்று எனக்குத் தெரியாது. என்னை அங்கே யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் தையல் பிரிவின் கணினி ஒன்றை இங்கிருந்தே சரிசெய்துகொண்டிருந்தேன். தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்படவில்லை என்பது அங்கிருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “பாருடி, மவுசு தானா நகருது. பேய் மாதிரி இருக்கு. இந்த ஜேபி மேடம் வேணாம்லா, பரமேசக்காவக் கூப்பிடு.”

அன்று மாலையே ஒரு விதி போட்டேன். டிக்கெட் இல்லாமல் யாரும் எந்தச் சாதனத்தையும் தொடக்கூடாது. பரமேஸ்வரிக்கு இருந்த நிர்வாக அனுமதியையும் நீக்கினேன். பாதுகாப்பு நடைமுறை என்று காரணம் எழுதினேன். பொய் இல்லை, ஆனால் அந்த மாலையில் அதை எழுதவைத்தது பாதுகாப்பு அல்ல.

“சரிங்க மேடம்,” என்றார். “சாவி உங்ககிட்ட இருந்தா எனக்கு மாடிப்படி ஏறுற வேலை மிச்சம்.”

அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையிலிருந்து டிக்கெட்டுகள் குவிந்தன. மாதக் கூட்டத்தில் என் மேலதிகாரி என்னைப் பாராட்டினார். ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்: யார் பெயரில் வந்தாலும், ஒவ்வொரு டிக்கெட்டிலும் அதே எழுத்து நடை, அதே இடத்தில் அதே பிழை. படிவத்தை நிரப்பத் தெரியாத பெண்களுக்காக, உணவு இடைவேளையில் பரமேஸ்வரியே உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறார். எனக்குக் கிடைத்த பாராட்டும் அவர் கையால் வந்தது என்று தெரிந்தபோது நன்றி தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது.

மூன்றாம் ஆண்டு, ஒரு மழைக்கால மதியம். மின்னல் இறங்கி, தொழிற்சாலையின் இரண்டு இணைய இணைப்புகளில் ஒன்று போனது. வாசலில் கண்டெய்னர் லாரி காத்திருந்தது. பெட்டிகளுக்கு ஒட்ட வேண்டிய சீட்டுகளை ஐந்து மணிக்குள் அச்சிட்டாக வேண்டும். மீதியிருந்த இணைப்புக்கு எல்லாவற்றையும் மாற்றுவதற்காக, இணையம் உள்ளே வரும் வாசலாக அங்கிருந்த ஃபயர்வால் பெட்டியின் அமைப்பில் ஒரு வரியைத் திருத்தினேன். அவசரத்தில் தவறான வரியைத் திருத்திவிட்டேன். தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது: நான் உள்ளே போகும் வழியை நானே அடைத்துவிட்டேன். திரை முழுவதும் சிவப்பானது. இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது.

கைத்தொலைபேசி அடித்தது.

“மேடம், இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“மொதல்ல ஒரு லைன்தான் போச்சு. இப்ப எல்லாமே போச்சு. நீங்க ஏதாச்சும் மாத்துனீங்களா?”

உள்ளே நுழைய மறுபடியும் முயன்றேன்; திரை சிவப்பாகவே இருந்தது.

“பெட்டி முன்னாடிதான் நிக்கிறேன். தொடலாமா?”

“ஃபயர்வாலோட பிளக்கைப் புடுங்கி மறுபடியும் போடுங்க,” என்றேன். நான் செய்த திருத்தத்தை இன்னும் சேமிக்கவில்லை. மின்சாரம் போய் வந்தால் பழைய அமைப்பு திரும்பிவிடும்.

“டிக்கெட் இல்லாமயா, மேடம்?”

அந்த நேரத்திலும் கேட்டார். கேட்டுவிட்டுப் பிடுங்கினார். நான் கேட்கும்படி பத்து வரை எண்ணி, மறுபடி மாட்டினார். மீதி இணைப்பு திரும்பி வந்தது, எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். ஆனால் லாரி தாமதமாகக் கிளம்பி, சரக்கு கப்பலைத் தவறவிட்டது.

நிர்வாகம் அறிக்கை கேட்டது. ‘காரணம்: மின்னல்’ என்று எழுதினேன். தொழிற்சாலைத் தரப்பில் பரமேஸ்வரி கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடும் முன் என்னைக் கூப்பிட்டார்.

“மின்னல் ஒரு தடவையா, ரெண்டு தடவையா மேடம்? ரெண்டு தடவை லைன் போயிருக்கு. நடுவுல இருபது நிமிஷம் இருக்கு. அதான் கேக்குறேன்.”

உண்மையைச் சொல்ல அவர் எனக்குத் தந்த இடம் அது. “ஒரே தடவைதான்,” என்றேன்.

“டிகிரி படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று சொல்லி வைத்துவிட்டார். கையெழுத்தும் போட்டார்.

மின்னல்தான் காரணம் என்றால், அங்கே இருந்தவர் ஏன் முன்கூட்டியே பாதுகாப்பு ஏற்பாடு செய்யவில்லை என்று நிர்வாகம் கேட்டது. அந்த ஆண்டு அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்த அதிகாரி பதவி நின்றது. இனி எல்லாமே தொலைவிலிருந்து நடந்தால் போதும் என்று முடிவு செய்து, அவரைச் சரக்குக் கிடங்கின் குமாஸ்தா ஆக்கினார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் வேலையைத் தொடங்கிய அதே நிலை. அந்தச் செய்தி வந்தபோது என் மனத்தில் முதலில் எழுந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்: இனி அவர்கள் என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும். குற்றவுணர்வு அதற்குப் பிறகுதான் வந்தது.

ஒரு மாதம் அவர் என்னுடன் பேசவில்லை. பிறகு ஒரு நாள் கிடங்கின் ஸ்கேனர் பற்றிப் பேச வேண்டி வந்தது. பேச்சின் முடிவில், ஏன் கையெழுத்திட்டீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க போனா இன்னொரு மேடம் வருவாங்க. அவங்களுக்கும் மொதல்லேர்ந்து ஒவ்வொருத்தர் பேரும் குணமும் சொல்லிக் குடுக்கணும். எனக்கு முடியாதுலா.” சிரித்தார். உடனே குரல் மாறியது. “ஆனா உங்கள மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிக்காதீங்க.”

மூன்று ஆண்டுகள் அப்படியே போயின. கிடங்கில் இருந்தபோதும் மக்கள் அவரைத்தான் தேடிப் போனார்கள். கேட்டு வந்தவர்களிடம், “மேடத்துக்கு டிக்கெட் போடு” என்று சொல்லிவிட்டு, எப்படிச் சரிசெய்வது என்பதையும் சொல்லி அனுப்பினார். பல டிக்கெட்டுகள் என்னிடம் வரும்போதே தீர்ந்துபோயிருந்தன.

அந்தத் திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பத்து பாகாட்டுக்குக் காரோட்டினேன். சிம்பாங் ரெங்கம் தாண்டும்வரை மழை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டுச் சந்தில் கார் நிறுத்த இடமில்லை. கூடாரத்தின் கீழே தையல் பிரிவுப் பெண்கள் தொழிற்சாலைச் சட்டையோடு வந்து நின்றிருந்தார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள். அத்தனை பேரைப் பார்த்ததும் எனக்குள் அதே பழைய எரிச்சல். எனக்கு இப்படி யார் வருவார் என்றுதான் முதலில் நினைத்தேன். “அக்கா, நீங்க யாரு?” என்று ஒரு பெண் கேட்டாள். பதில் சொல்லத் தொடங்கியதும், “ஐயோ, ஜேபி மேடம் குரல்,” என்று பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

தொழிற்சாலை மேலாளர் வந்து கைகுலுக்கினார். “நல்ல மனுஷி. அந்த மின்னல் விஷயம் மட்டும் இல்லன்னா, இன்னிக்கு அவங்கதான் எங்க ஐடி அதிகாரி,” என்றார் மலாயில்.

அந்த இடத்தில் சும்மா இருந்திருந்தால், இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். சொன்னேன். இரண்டாம் முறை இணைப்புப் போனது மின்னலால் அல்ல, என் கையால். பரமேஸ்வரிக்கு அது தெரியும். நான் பொய் எழுதினேன், அவர் அதற்குக் கீழே கையெழுத்திட்டார்.

மேலாளர் என்னையே பார்த்தார். “இப்ப எதுக்கு இத எங்கிட்ட சொல்றீங்க?” என்றார். “எழுதிக் குடுங்க,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டேன். பரமேஸ்வரியின் பணிக்கோப்பில் அந்தக் குறை இனி இருக்காது. இது அச்சாகும்போது நான் இந்த வேலையில் இருப்பேனா என்று தெரியவில்லை.

நாங்கள் பேசியதைப் பக்கத்தில் நின்ற ஃபௌசியா கேட்டுவிட்டார். மூன்றாம் பிரிண்டரை ஓடவைக்கும் அதே ஃபௌசியா.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. அப்போதுதான் பரமேஸ்வரியின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். கூட்டங்களில் அவர் கேமராவைப் போட்டதே இல்லை. அந்தக் குரலை வைத்து உயரமான ஒருவரைக் கற்பனை செய்திருந்தேன். மிகச் சிறிய உருவம். பள்ளிக்கூடப் பெண்ணைப் போன்ற முகம்.

“கண்ணாடி எங்க?” என்று ஃபௌசியா உரக்கக் கேட்டார். “கண்ணாடி இல்லாம அவளுக்கு எதுவும் தெரியாது.” கணவர் விழித்தார். ஃபௌசியா காத்திருக்கவில்லை, வீட்டுக்குள் போய், அடுப்படியில் எங்கேயோ தேடி எடுத்து வந்தார். தடித்த கண்ணாடி. ஒரு பக்கக் கால் ஒட்டுப் போட்டது. தன் தலைத்துணியின் முனையால் துடைத்தார். அவர் கண்ணீரில் நனைந்திருந்த துணி பட்டு, கண்ணாடி மேலும் மங்கியது. நான் அருகில் நின்றிருந்தேன். துடைத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன்.

ஃபௌசியா என் கையைப் பார்த்தார். தரவில்லை. குனிந்து தாமே மாட்டிவிட்டு, காதுப்பக்கத்து முடியை ஒதுக்கிவிட்டார்.

பரமேஸ்வரி, ஆறு ஆண்டுகள் அநேகமாக நாள்தோறும் உங்களோடு பேசினேன். நீங்கள் கண்ணாடி அணிபவர் என்பது எனக்குத் தெரியாது. அது தெரிந்த கையின்மேல் இப்போதும் எனக்குப் பொறாமைதான். போய் வாருங்கள்.