பிளாஸ்டிக்குக்குள் போன ஜப்பான் தாள்

லமினேற் மெஷின் என்றாலே எனக்கு ஆகாது. சூடேறிய பிளாஸ்டிக்கின் அந்த நாற்றம்! சீ, எழுதும்போதே குமட்டுகிறது.

சுவிஸில், பேர்ண் நகரத்தில் ஒரு துணிச் சாயப் பட்டறையில் எனக்குத் தொட்டி கழுவும் வேலை. முதலாளியம்மா சுவிஸ்காரி. ஜப்பானிலிருந்து வாங்கிவந்த பழைய அச்சுத்தாள்களை வைத்துத் துணியில் கோலம் எடுப்பவர். கடதாசிகளை அடுக்கி ஒட்டி, ஏதோ காய்ச்சாறு பூசிப் பழுப்பாக்கி, கத்தியால் நுணுக்கமாகத் துளை வெட்டியிருப்பார்கள். துணியின்மேல் தாளை விரித்து அரிசிப் பசையை இழுத்தால், துளை வழியாகப் பசை இறங்கிய இடமெல்லாம் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும். பசை கிண்டுவதில் என் கைப்பக்குவத்தைக் கண்ட முதலாளியம்மா, அலைக் கோலம் வெட்டிய தாள் ஒன்றை என்னிடம் தந்தார். "சனி ஞாயிறு வீட்டில் பழகுங்கள். நன்றாக வந்தால் திங்களிலிருந்து அச்சு மேசைக்கு வரலாம்" என்றார். ஆறு வருடமாகத் தொட்டிக்குள் கை ஊறியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

சனிக்கிழமை அரிசிமா வாங்கிக்கொண்டு வந்தால், என் மனுசன் வாசலில் சிரித்தபடி நிற்கிறார்.

"பழந்தாள், கிழியப்போகுது எண்டு லமினேற் பண்ணிப்போட்டன். இனித் தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது."

அலைகள் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் கிடந்தன. ஒரு துளைகூடத் திறந்திருக்கவில்லை.

"உங்களுக்கு விசரோ? ஓட்டை அடைபட்டா இதாலை என்ன பிரியோசனம்?"

"ஏனப்பா கத்திறீர்? நல்லதுக்குத்தானே செய்தனான்."

நல்லதுக்காம்! எங்கள் சனத்துக்கு இது ஒரு நோய். கடதாசியைக் கண்டால் பிளாஸ்டிக் போட்டே தீரவேண்டும். இந்த மனுசன் தன் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த முதல் கடிதத்தைக்கூட லமினேற் பண்ணி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். அரியண்டம் பிடித்த பழக்கம். விளிம்பை நகத்தால் உரித்துப் பார்த்தேன். தாளும் சேர்ந்து கிழிந்து வந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை முதலாளியம்மா அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"எந்த முட்டாள் இதைச் செய்தது?"

வீட்டில் நான் என் மனுசனை எத்தனை ஏச்சு ஏசினாலும் அது என் வாய். இன்னொருத்தி அவரை முட்டாள் என்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு ஏலாது.

"நான்தான்" என்றேன்.

முதலாளியம்மா தாளை என் தொட்டிக்கு மேலே சுவரில் மாட்டிவிட்டார். நான் கழுவும்போது அதில் தினமும் தண்ணீர் தெறிக்கிறது. அந்த மனுசன் சொன்னது சரிதான், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.