ட்ரூவா என்றால் அரசன்

இல்லாத மொழிக்குச் சொல் செய்து கொடுப்பதும் ஒரு தொழில்தான். ரிட்டையரான தமிழ் வாத்தியாரான என் தலையில் அது விழுந்தது. கொடுத்த வேலையைத் திருத்தித் திருத்தியே நொந்தவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்களுக்குப் புரியாது.

ஆர்டர்

மாய உலகப் படம் எடுக்கும் டைரக்டர் ஒருவர் பாப்பாரப்பட்டிக்கே கார் போட்டு வந்தார். அரக்கர்கள் பேச நானூறு சொல் வேண்டும். பதினைந்து நாள் கெடு. இலக்கணம் வேண்டாமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு சார், கேட்டா பயமா இருந்தா போதும்."

கடைசிச் சொல்

'அரசன்' மட்டும் அமையவில்லை. ஐம்பது சொல் அனுப்பினேன். எதிலும் கம்பீரம் இல்லையாம். கெடு முடியும் நாள் காலையில், பக்கத்து வீட்டு மாதம்மாள் எருமையின் மடியைத் தடவி "ட்ரூவா, ட்ரூவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் அதற்குப் பால் இறங்கும். அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். டைரக்டர் உடனே போன் போட்டார்.

"ஆயிரம் வருஷத்துச் சொல்லு மாதிரி இருக்கு சார்."

வேர்

டிரெய்லரில் அரக்கர் படையே "ட்ரூவா" என்று மண்டியிட்டது. அரூரில் ஒரு கூட்டம் போட்டு என்னையும் மேடையேற்றினார்கள். ஆராய்ச்சியாளர் ஒருவர் அந்தச் சொல்லுக்கு முக்கால் மணி நேரம் வேர் தோண்டினார். 'வானத்தைத் தாங்குபவன்' என்று பொருள் வந்தது. அது எருமை கறக்கிற சத்தம் என்று நான் எழுந்து சொன்னேன்.

"படைத்தவருக்கே தெரியாத ஆழம், பாருங்கள்."

கைதட்டல் வேறு.

கறவை

தெருவில் எந்தச் செல்லைத் திறந்தாலும் ட்ரூவா. முதல் இரண்டு நாள் எருமை கண்ட நேரத்தில் பாலை ஒழுக்கியது. அப்புறம் அந்தச் சத்தத்தைக் காதிலேயே வாங்கவில்லை. கறக்க உட்கார்ந்தால் உதை. மாதம்மாள் பிழைப்பே அந்த ஒரு எருமைதான். காலி கேனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எம் பொழப்பத் தூக்கி ராசாவுக்குக் குடுத்துட்டீங்க. இனி எருமைக்கு என்னாத்தச் சொல்லட்டுங்க வாத்தியாரே?"

சொல்லை மாற்றும்படி டைரக்டருக்குப் போன் போட்டேன்.

"போஸ்டர் அடிச்சாச்சு சார், எருமைய மாத்திக்கச் சொல்லுங்க."

மாற்றுச் சொல்

கம்பீரம் போதாது என்று தள்ளிய ஐம்பதையும் கொட்டகையில் நின்று ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு சொல்லுக்கு மட்டும் எருமை காதை ஆட்டியது. மாதம்மாள் மடியைத் தடவித் தடவி அதையே ஒன்பது நாள் சொன்னாள். பத்தாம் நாள் கேன் நிறைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்குக் கிளம்பியவள் என் பக்கம் திரும்பினாள்.

"இதையும் எவனுக்காச்சும் குடுத்தீங்க, அப்புறம் நீங்கதான் வந்து கறக்கோணும்."

ஆகவே அந்தச் சொல்லை இங்கே எழுதப் போவதில்லை. என் மொழி தெரிந்த ஒரே உயிர் அந்த எருமை, அது என்னிடம் வேரும் கேட்டதில்லை.