‘புரியவில்லை’ என்று நான் எழுதிய தாள்

எண்பதுகளின் நடுவில், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில், மனித மூளை எப்படி நினைக்கிறது, எப்படிப் பேசுகிறது என்று ஆராயும் கூடத்தில் உதவியாளர் வேலை. ஆராய்ச்சிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு நீளமான அறை, மூளையின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடு கோடாக வரையும் பழைய இயந்திரம் ஒன்று, நாங்கள் மூன்று பேர், அவ்வளவுதான். எங்கள் தலைவி ஒரு சீனப் பெண் டாக்டர். அவரிடம் மேல்படிப்பு படித்த மலாய் இளைஞர் ஒருவர். அப்புறம் நான். ராவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால், தமிழர்களைச் சோதிக்கும் வேலை முழுவதும் என் தலையில்தான் விழும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ச் சோதிப்பது அந்த ஆண்டு எங்கள் வேலை. அப்படித்தான் புக்கிட் ரோத்தான் அருகே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கடைசி வீட்டில் ஓர் அக்கா. நாற்பது வயதுகூட இருக்காது. உதிரிப் பழம் பொறுக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வலது கை, கால் விளங்கவில்லை. வாயிலிருந்து ‘ஆ, ஆ’ என்ற சத்தத்தைத் தவிர எதுவும் வரவில்லை. கணவர் தோட்டத்து லோரி ஓட்டுபவர். ஒன்பது வயதில் ஒரே மகள்.

டாக்டர் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருக்க, நான் சோதனையைத் தொடங்கினேன். குடை, சாவி, கரண்டி, சீப்பு, விளக்கு, கத்தரிக்கோல் என்று ஆறு படங்களை மேசையில் வரிசையாக வைத்து, நான் சொல்வதை அவர் இடது கையால் தொட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் படங்களைக் கலைத்து மாற்றி வைப்போம். எந்தப் படம் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்வோம். சிலவற்றைச் சரியாகத் தொட்டார். பலவற்றுக்குத் தப்பான படத்தைத் தொட்டார், அல்லது சும்மா இருந்தார். தகரக் கூரைக்குக் கீழே வெயில் தாங்கவில்லை. எனக்குப் பசி வேறு. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு, தாளின் அடியில் ‘பேச்சு புரியவில்லை’ என்று எழுதினேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முடிவைக் குடும்பத்தாரிடம் டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. வாசல் குழாயில் நான் கை கழுவும்போது கணவர் வந்து மெதுவாகக் கேட்டார். நம் ஊர் ஆள், நம் பாஷையில் கேட்கிறார். நானும் பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டேன்.

“நம்ம பேசுறது எதுவும் அவங்களுக்குப் புரியலண்ணே.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்த மலாய் நண்பர் என் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் ஒரே தாளையே பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஆறு கட்டம் போட்டு, சரியான விடைகள் எந்தக் கட்டத்தில் வந்தன என்று புள்ளி வைத்தார். எல்லாப் புள்ளியும் இடது பக்கத்து மூன்று கட்டத்தில். வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. அன்று அந்த அக்காவுக்கு வலது பக்கமாக வைத்த கோப்பியைக் கடைசிவரை அவர் தொடவே இல்லை என்பதும் அந்த நண்பருக்குத்தான் ஞாபகம் இருந்தது.

டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூளையின் இடது பக்கம் அடிபட்டால், சிலருக்குப் பார்வையில் வலது பாதியே போய்விடுமாம். அது போனது அவர்களுக்கே தெரியாதாம். அந்த அக்காவுக்கு நான் கேட்டது எல்லாம் புரிந்திருக்கலாம். நான் கேட்ட படம்தான் அவர் கண்ணில் படவில்லை. முதலில் கண்ணைச் சோதித்திருக்க வேண்டியதுதானே என்று டாக்டர் தன்னையே நொந்துகொண்டார். அதைக் கேட்டபிறகு என்னால் மறைக்க முடியவில்லை. கணவரிடம் நான் சொன்னதைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். டாக்டரோ, நாளைக் காலை ஏழு மணிக்கு வேன் புறப்படும், தாமதமாக வராதே என்றார்.

மறுநாள் நாங்கள் போனபோது கணவர் வீட்டில்தான் இருந்தார். பத்தாங் காலிப் பக்கம் நோயாளிகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் மனைவியைச் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்களாம். திங்கட்கிழமை கொண்டுபோய் விடப்போகிறாராம். மகள் தன் அத்தை வீட்டுக்குப் போகிறாளாம்.

“நான் லோரிக்குப் போயிட்டா யார் லா பார்க்கிறது? அவளுக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு நீயே சொன்னியே, தங்கச்சி.”

இவ்வளவையும் அந்த அக்காவின் எதிரிலேயே சொன்னார். அவர் பாயில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் அவருடைய துணிப்பையைக் கட்டி வைத்திருந்தார்கள்.

இந்த முறை படங்களை அவருடைய இடது பக்கமாக, மேலிருந்து கீழாக வைத்தேன். அவசரப்படவில்லை. “அக்கா, சீப்பு எங்க இருக்கு?” கை நேராகச் சீப்புக்குப் போனது. சாவி, குடை, விளக்கு, எல்லாமே சரி. கலைத்து வைத்தேன். மறுபடியும் எல்லாம் சரி. கணவர் நின்ற இடத்திலிருந்து மெதுவாகக் கிட்டே வந்தார்.

டாக்டர் இரண்டு அட்டை எடுத்து, ஒன்றில் ‘ஆமாம்’ என்பதற்குச் சரி அடையாளமும் மற்றதில் ‘இல்லை’ என்பதற்குப் பெருக்கல் குறியும் போட்டு, இரண்டையும் அக்காவின் இடது பக்கம் வைத்தார். முதலில் கரண்டியைக் காட்டி இது குடையா, இது கரண்டியா என்று என்னைக் கேட்கச் சொன்னார். ஒன்றுகூடப் பிசகவில்லை. பிறகு கணவரைப் பார்த்து, இனி நீங்களே கேளுங்கள் என்று மலாயில் சொன்னார்.

அவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இத்தனை நாளா நான் பேசினதெல்லாம் உனக்கு வெளங்குச்சா?”

அக்காவின் கை சரி அடையாளத்தின் மேல் போய் நின்றது.

“ஹோமுக்குப் போறியா?”

அவர் கேட்டு முடிக்கவில்லை. கை அடுத்த அட்டைக்குப் போய்விட்டது. உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார், எடுக்கவே இல்லை. எங்கள் மூவரையும் விட்டுவிட்டுக் கணவரையே பார்த்தார். அவர் தோளில் கிடந்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கினார்.

நான் அந்த அக்காவிடம், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பாயைத் தட்டினார். உட்கார்ந்தேன்.

நாங்கள் சாமான்களை வேனில் ஏற்றும்போது, பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போன மகள் ஓடிவந்தாள். கணவர் அவளைத் தூக்கி அக்காவின் இடது பக்கம் உட்கார வைத்தார்.

“நேத்து பள்ளிக்கூடத்துல என்னா நடந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு. அம்மாவுக்கு எல்லாம் வெளங்குது.”

அந்தப் பெண் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நாங்கள் வேனைக் கிளப்பும்வரை அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

துணிப்பையைக் கணவர் அன்றே அவிழ்த்துவிட்டாராம். அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டு தீபாவளிக்கு நாங்கள் போனபோது, பத்துப் பன்னிரண்டு சொற்கள் வந்திருந்தன. மகளின் பெயரைத்தான் முதலில் சொன்னாராம். என்னிடம் தட்டுத் தடுமாறி “வா, வா” என்றார். அதற்கு மேல் அன்று எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பழைய தாளை டாக்டர் கிழிக்க விடவில்லை. ‘புரியவில்லை’ என்பதற்குக் கீழேயே என் கையால் ‘சோதித்தவருக்குப் புரியவில்லை’ என்று எழுதவைத்து, கோப்பில் சேர்த்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் யாரைப் பார்த்தாலும், நான்தான் தப்பான பக்கத்தில் நின்று கேட்கிறேனோ என்று இடம் மாறி உட்கார்ந்து, இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறேன்.