நான் வெட்டித் திறந்த எட்டு

நான் வரைந்த ஓர் எண்ணால் ஒரு மனிதன் கடலில் செத்தான். அந்தப் பழியை இன்னொருவன் தலையில் போட்டேன். என் மனைவியிடம்கூட இதை நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வில்லியனூரில் எனக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடை. வண்டி நம்பர், கடைப்பெயர், படகு எண்... எல்லாவற்றையும் கணினியில் அமைத்து வெட்டித் தருவேன். எல்லோரிடமும் உள்ள அதே எழுத்துருக்கள்தாம் என்னிடமும். அது எனக்குப் போதவில்லை! பார்த்ததும் இது பாய் கடை வேலை என்று தெரியவேண்டும் என்றோர் ஆசை... ஆசையா, அகந்தையா?

ஓர் எழுத்துருவின் எண்களைப் பெரிதாக அச்சிட்டேன். மேலே டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் மாற்றி மாற்றி வரைந்தேன். ஒன்பதின் வாலை நீட்டினேன். எட்டின் மேல்வளையத்தை, அலை எழும்புவதுபோல் வலப்பக்கம் வெட்டித் திறந்துவிட்டேன். பிறகு ஸ்கேன் செய்து, திரையில் ஒவ்வொரு வளைவாக இழுத்துச் சீராக்கினேன். பதினைந்து நாள் உழைப்பு. அத்தனை அழகாக நான் எதையுமே செய்ததில்லை. இதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

வெட்டியதைக் கொண்டுபோய் ஒட்டுபவன் முருகையன், பனித்திட்டுக்காரன். சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னா பாய் இது, எட்டா ஆறா? தூரத்துல ஆறு மாரி தெரியுது."

"கண்ண டாக்டர்கிட்ட காட்டுப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவன் போனபின் நானும் சாலையைக் கடந்து நின்று பார்த்தேன். ஆறாகத்தான் தெரிந்தது! தெரிந்தும் மாற்றவில்லை. அந்த அலையை மூட எனக்கு மனம் வரவில்லை... வேறு காரணம் ஏதுமில்லை.

அந்த எண்களைப் பனித்திட்டுப் படகுகள் பலவற்றில் முருகையன் ஒட்டினான். அவற்றில் இரண்டு, முப்பத்தாறில் முடிவது ஒன்று, முப்பத்தெட்டில் முடிவது ஒன்று.

ஐப்பசியில் ஒருநாள் காற்று திரும்பியது. காலையில் பனித்திட்டுக்காரர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாதி மூழ்கிய படகு. முனை மட்டும் மேலே. வேற்றூர் மீனவர்கள், அலைக்கு அஞ்சி நெருங்க முடியாமல் தூரத்திலிருந்து எடுத்த படம்; எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரம் அதோடு வரவில்லை. எல்லோரும் முப்பத்தாறு என்று படித்தார்கள். அதன் சொந்தக்காரருக்குப் போன் போகவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். முப்பத்தாறு எப்போதும் தெற்கே வலை விடும் படகு. ஊரே தெற்கே தேடப் போனது.

மறுநாள் நண்பகலில் முப்பத்தாறு கரைக்கு வந்தது! கடலூரில் ஒதுங்கியிருந்தார்களாம், போனில் சார்ஜ் இல்லையாம். அப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். மூழ்கியது முப்பத்தெட்டு. இரண்டு நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க வடக்கே போன வடிவேலுவின் படகு. அதனால்தான் அவர்களை யாரும் தேடவில்லை.

உடனே வடக்கே ஓடித் தேடியவர்கள், வடிவேலுவோடு போனவனை மாலையில் மீட்டார்கள். டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக் கிடந்தானாம். கரையில் அவன் சொன்னதை, சேதி தெரிந்து போயிருந்த நானும் நின்று கேட்டேன்.

"இன்னிக்கு வெடிகாலை வரைக்கும் பேசிக்கினுதான் இருந்தாரு. படகு வரும் படகு வரும்னு சொன்னாரு."

வடிவேலுவின் உடல் மறுநாள் ஒதுங்கியது.

பனித்திட்டு ஊர்க்கூட்டத்துக்கு என்னையும் அழைத்து, எட்டு எப்படி ஆறானது என்று கேட்டார்கள். ஒட்டியவன் சரியாக ஒட்டவில்லை, பிய்ந்துவிட்டது என்றார் ஒருவர். முருகையன் என் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லு பாய். நீ வெட்டிக் குடுத்தத அப்படியேதான ஒட்டுனேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கு... அது எப்படிப் புரண்டது!

"வெயில்ல ஓரம் தூக்கியிருக்கும்பா. நல்லா அழுத்தி ஒட்டணும்."

 முருகையன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்தைவிட்டு நடந்தான். சொந்த ஊரில் அவனோடு பேச்சு நின்றது. மாதம் முடிவதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு பிள்ளைச்சாவடிக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான்.

நான்? கணினியிலிருந்து அந்த எழுத்துருவை அழித்தேன். வரைந்த தாள்களைக் கிழித்தேன். மிச்சப் படகுகளுக்கெல்லாம் சாதாரண எண்களை நானே போய் ஒட்டிக் கொடுத்தேன், உதவி செய்பவன்போல. 'பாய் நல்ல மனுசன்' என்றார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன்!

பிள்ளைச்சாவடி எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஒருமுறைகூட ஏறியதில்லை.

முதலாண்டு நினைவஞ்சலிப் பேனருக்காக வடிவேலுவின் மனைவி என் கடைக்கு வந்தாள். கணவனின் படத்தை மேசைமேல் வைத்தாள். இறந்த தேதி என்ன போட என்று கேட்டேன். கேட்டபின்தான் என் கேள்வி எனக்கே உறைத்தது.

மேசைமேல் இருந்த படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"படகு கவுந்த அன்னிக்கே போயிட்டாருன்னு போட்டுடு பாய். ஒரு நாள் முழுக்கத் தண்ணியில கெடந்து வழி பாத்தாருன்னு நெனச்சா சோறு எறங்கல."

அந்த ஒரு நாளை நான் எடுத்துவிட்டேன். அவள் சொன்ன தேதியையே அடித்துக் கொடுத்தேன். சுருட்டிய பேனரை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "நல்லாருப்ப பாய்" என்றாள்.