லட்ச நாமமும் ஏழரை மணித் தொடரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருடமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தீபம் முடியட்டும், எழுதிவிடலாம் என்று ஒவ்வொரு கார்த்திகைக்கும் நினைப்பேன். தீபம் முடிந்தால் சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் போன பாத்திரம் மலையாகக் குவிந்திருக்கும். அதைக் கழுவி முடிப்பதற்குள் தைரியமும் போய்விடும்.

போன தீபத்தன்று எங்கள் தெருக் கூட்டு வழிபாட்டில் ஒரு அம்மா என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் கதையைச் சொன்னார். என் அம்மா சிவநாமம் எழுதியபோது தியானம் கூடிக் கை தானாக ஓடியதாம். எழுத்தெல்லாம் அச்சில் வார்த்தது போல விழுந்ததாம். அறை முழுக்க விபூதி வாசனை வந்ததாம். விபூதி வாசனை போன வருடம் வரை கதையில் இல்லை. இனியும் சும்மா இருந்தால் அடுத்த தீபத்துக்குள் சிவனே எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பார். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவள். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அண்ணாமலையார் கோயில் பேகோபுரத்துப் பக்கம் வீடு. அம்மாவின் தம்பி, என் மாமா, சென்னையில் ஒரு டிசைன் காலேஜில் எழுத்து வரையும் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூர் தாத்தாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை.

"எழுத்தைத்தான் ஒண்ணாங்கிளாஸ்லயே கத்துக்கினானே. இன்னும் அதுல இன்னா படிப்பு?" என்பார்.

மாமாவுக்குக் கொடுத்த வேலை இதுதான். தன் ஊரிலிருந்து தமிழ் எழுத்துக்கு ஒரு புது உருவம் கண்டுபிடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் தட்டினால் அந்த உருவத்திலேயே வர வேண்டும். முதல் தடவை மாமா கோயில் கல்வெட்டைப் பார்த்து வரைந்துகொண்டு போனார். கோயில் ஊர்ப் பையன்கள் எல்லாரும் கல்வெட்டைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், உங்கள் வீட்டில் எழுத்தே இல்லையா என்று கேட்டு ஃபெயில் போட்டுவிட்டார் வாத்தியார். இரண்டாவது தடவையும் ஃபெயில் ஆனால் படிப்பை நிறுத்திவிட்டுத் தன் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், வந்து உட்கார வேண்டியதுதான் என்று தாத்தா சொல்லிவிட்டார்.

தம்பி பாஸாக வேண்டும் என்று அம்மா லட்சம் நாமம் வேண்டிக்கொண்டாள். சன்னதித் தெருக் கடையில் நாமம் எழுதும் நோட்டு விற்கும். முதல் பக்கத்தில் பெயர், நட்சத்திரம், வேண்டுதல் என்று மூன்று கோடு போட்டிருக்கும். அதை நிரப்பிவிட்டு உள்ளே 'நமசிவாய, நமசிவாய' என்று எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு நூற்றெட்டு. தினம் நாலு பக்கம். சாயங்காலம் ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டு உட்காருவாள். நடுவில் பால்காரர், குக்கர், பக்கத்து வீட்டுக்காரம்மா எல்லாரும் வந்து போய், முடிய எட்டாகிவிடும். நாமம் முடியாமல் டிவி போடக் கூடாது என்பது சட்டம்.

என் தொடர் ஏழரைக்கு. அதில் ரெட்டைப் பிறவியில் ஒருத்தி காணாமல் போயிருந்தாள். என் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போகும்போதெல்லாம், அவள் எழுதிக்கொண்டிருந்ததற்கு அடுத்த பக்கத்தைத் திருப்பி நான் எழுத ஆரம்பித்தேன். டீச்சர் இம்போசிஷன் கொடுத்துக் கொடுத்து எனக்கு ஒரு வித்தை பழகியிருந்தது. மேலிருந்து கீழே முதலில் 'ந' மட்டும். அது முடிந்ததும் 'ம' மட்டும். பிறகு 'சி'. இப்படி எழுதினால் பறக்கும். சாமி பெயர் எழுதுகிறோம் என்ற நினைப்பே வராது. ஒரு நாள் குக்கர் சீக்கிரம் அடங்கிவிட்டது. பக்கம் முழுக்க 'நமசி, நமசி' என்று சிவன் பாதியில் நிற்கிறார், அம்மா வருகிறாள். நோட்டை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். குழந்தைக்கு இந்த வயதிலேயே என்ன பக்தி என்று அம்மா அப்பாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

"அதுக்குள்ள நாலு பக்கம் ஆயிடுச்சா?" என்பாள் சில நாள்.

"நீதாம்மா எழுதின. இன்னிக்கு வேகமா எழுதின" என்பேன். அண்ணாமலையார் மன்னிக்கட்டும்.

அதற்குள் மாமா லீவில் வந்து ஊரெல்லாம் எழுத்துத் தேடி அலைந்துகொண்டிருந்தார். வேங்கிக்காலில் கவர்மெண்ட் ஆபீஸ் போர்டை ஒவ்வொன்றாகப் படம் பிடித்ததில் வாட்ச்மேன் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அங்கே ஜீப் ஓட்டிய அப்பா போய், "நம்ம மச்சான்தாங்க, எழுத்துக்குப் படிக்கிறாரு" என்று சொல்லி மீட்டுக்கொண்டு வந்தார். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஒரு கடையில், சிலேட்டில் எழுதியிருந்ததையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். சிலேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டதாம். எழுத்து மட்டும் கிடைக்கவில்லை.

காலேஜ் திறக்க ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு ஒன்றும் தோன்றாமல் அம்மாவின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார்.

"அக்கா! இங்க வா! இது எப்போ எழுதின?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மத்த பக்கம்லாம் பாரு, எழுத்து ஏறி எறங்குது. குக்கர் விசில் அடிச்ச எடம் கூட தெரியுது. இந்தப் பக்கத்தைப் பாரு. எல்லா 'ம'வும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க மாதிரி நிக்குது. உனக்கு மனசு நின்னுருக்குக்கா. தியானம்!"

அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்தேன்.

"அது என்னால வந்ததில்லடா" என்றாள் அம்மா.

"பாத்தியா! தான் எழுதினேன்னு கூட சொல்ல மாட்டேங்குது" என்று மாமா உருகிப்போனார். கதை பிறந்தது அந்த நிமிடம்தான். சாயங்காலத்துக்குள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாளே ஒரு கேமராவை இரவல் வாங்கி வந்து அம்மாவை எழுதச் சொல்லிப் படம் பிடித்தார். கை எப்படி ஓடியது என்று காட்டினால்தான் வாத்தியார் ஒப்புக்கொள்வாராம்.

"அன்னிக்கு எழுதின மாதிரி எழுதுக்கா. மனசை நிறுத்து."

"அடுப்புல பால் நிக்குது. மனசு எங்கடா நிக்கும்?"

குளித்துவிட்டு, விரதமிருந்து, கிழக்கே பார்த்து என்று மூன்று நாள் பாடுபடுத்தினார். ஒரு 'ம' மாதிரி இன்னொரு 'ம' வரவில்லை. மாமாவின் முகம் மண்டியில் உட்கார்ந்தவர் முகம் போலவே ஆகிவிட்டது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. லட்சத்தில் குறைகிறது என்று சாமிக்குத் தெரியாமலா இருக்கும்? மாமா ஃபெயிலானால் அது என்னால்தான். நாலாம் நாள், கிரிவலம் போனால் மனம் நிற்கும் என்று மாமா எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் குபேர லிங்கத்தில் அன்றைக்கு வரிசை நீளம். அம்மா வரிசையில் நின்றாள். வெளியே மாமா வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலம் வாங்கிப் பிரித்தார்.

"மாமா, நீ ஃபெயில் ஆயிடுவ."

"ஏண்டி, நல்ல வாயால ஒண்ணு சொல்ல மாட்டியா?"

"அதெல்லாம் அம்மா எழுதலை. நான்தான் எழுதினேன். பன்னெண்டு பக்கம்."

மல்லாட்டை அவருக்குத் தொண்டையில் நின்றது. நான் முதுகில் தட்டினேன்.

"எதுக்குடி?"

"டிவி போடத்தான்."

"எந்த சீரியலு?"

சொன்னேன்.

"அந்த ரெட்டைப் பொண்ணு கதையா? அது கெடைச்சுதா?"

"கெடைச்சுட்டா மாமா. ஆனா எல்லாத்தையும் மறந்துட்டா."

மாமா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. திடீரென்று பொட்டலத்தைக் கொட்டிவிட்டு அந்த ஈரக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவும் வந்தது.

"எழுதிக் காட்டு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினேன். ந, ந, ந, ந. பிறகு ம. மாமா மண்டியிட்டுக் குனிந்து, என் கைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"இரு, இரு. கை பக்கவாட்டுல போகவே இல்ல. கீழதான் எறங்குது. ஒவ்வொண்ணும் தலைக்கு மேல இருக்கிறதைப் பாத்து எழுதினது. பக்கத்துல யாரு நிக்கிறான்னே அதுக்குத் தெரியாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "இன்னொரு தரம் எழுது, வாலு" என்றார். குபேர லிங்கத்து வாசலில் நாலு பொட்டலக் காகிதம் எழுதினேன். காகிதத்துக்காக வாங்கிய அவ்வளவு மல்லாட்டையையும் நானே தின்றேன்.

"அக்காகிட்ட சொல்லாத. ரொம்ப வருத்தப்படும்" என்றார் மாமா. அம்மா நெற்றி நிறைய விபூதியோடு வந்து எங்கள் இரண்டு பேர் வாயிலும் சர்க்கரைப் பொங்கலை வைத்தாள்.

மாமா அந்தக் காகிதங்களைக் கொண்டுபோய் வாத்தியாரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாராம். திருட்டுத்தனத்தில் வந்தாலும் இது உன் வீட்டு எழுத்துதான் என்று அவர் சிரித்துவிட்டுப் பாஸ் போட்டார். இன்றைக்கு எங்கள் தெரு அன்னதான நோட்டீஸ் கூட அந்த எழுத்தில்தான் அச்சாகிறது. 'ம'வைப் பார்த்ததும் நோட்டீஸை மடித்து வைத்துவிடுவேன்.

புரட்டாசியில் பத்தாவது நோட்டோடு லட்சம் முடிந்தது. அன்று ராத்திரியே தொடர் பார்க்கலாம் என்று நான் தலையணையோடு தயாராக உட்கார்ந்திருந்தேன். அம்மா புது நோட்டு ஒன்றை எடுத்தாள்.

"முடிஞ்சிடுச்சுன்னியே?" என்றார் அப்பா.

"கொஞ்சம் கம்மியா இருக்குங்க" என்றாள் அம்மா.

எட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் என் பெயர், என் நட்சத்திரம். வேண்டுதல் கோட்டில் ஒன்றும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் நன்றாகப் படிக்க எழுதுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். அம்மா மூன்று நாள் எழுதினாள். ஒவ்வொரு நாமமாக, உதடு அசைய, மெதுவாக எழுதினாள். நான் எழுதித் தருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாளும் டிவி இல்லை. ரெட்டைப் பிறவிக்கு ஞாபகம் திரும்பியதை நான் பார்க்கவே இல்லை. நாலாம் நாள் அம்மா நோட்டை மூடி, மீதிப் பக்கத்தை நீ வைத்துக்கொள் என்று என் கையில் கொடுத்துவிட்டாள். அவளுக்குக் கை வலித்துவிட்டது போல என்று நினைத்தேன். ரஃப் நோட்டு கிடைத்தது லாபம் என்று அதில் வகுத்தல் கணக்குப் போட்டேன்.

போன தீபத்துக்குப் பிறகு பரணில் தேடி அந்த நோட்டை எடுத்தேன். என் கோணல் கணக்குக்கு முன்னால் அம்மாவின் பக்கங்களை முதல் தடவையாக எண்ணினேன். பன்னிரண்டு.

அம்மா உள்ளே கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நோட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். பார்த்துவிட்டு, "சுரைக்காயைத் தோல் சீவு" என்றாள்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். விபூதி வாசனை சேர்க்காதீர்கள். சின்னப் பிள்ளைதானே என்று என்மேல் இரக்கப்பட்டு, அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரியைக்கூடக் குறைக்கவும் வேண்டாம்.